சைட் திறக்கலையா? முதலில் தேதியைப் பாருங்கள்

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினாலே எங்கள் மன்னார்குடிப் பக்கம் எல்லாரும் மேட்டூர் நீர்மட்டம்தான் பார்ப்போம். போன வருஷம் பக்கத்து வீட்டுச் சித்தப்பா கம்ப்யூட்டரில் அந்த நீர்மட்டம் காட்டும் சைட் திறக்கவே இல்லை, ஆனால் அதே வைஃபையில் அவர் போனில் ஜோராகத் திறந்தது. அப்படியென்றால் நெட் மேல் குற்றமில்லை, கோளாறு கம்ப்யூட்டரில்தான்.

கீழே வலது மூலையில் தேதியைப் பார்த்தேன். 2015 என்று காட்டியது! ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு, அதற்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கெடு இருக்கும், கம்ப்யூட்டர் பழைய வருஷத்தில் நின்றால் 'இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லாது' என்று பிரவுசர் தடுத்துவிடும்.

கடிகாரத்தில் ரைட் கிளிக் செய்து, தேதி நேரம் தானாக அமையும்படி வையுங்கள், நேர மண்டலம் இந்திய நேரமான +5:30 தானா என்றும் பாருங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி மறுபடி பின்னால் போகிறதா? கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையில், கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் வட்டப் பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சி.ஆர். 2032, 3 வோல்ட், விலையும் குறைவுதான். பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள்.

தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லையா, ரவுட்டரை அணைத்து அரை நிமிஷம் கழித்துப் போடுங்கள், அப்புறம் நெட் செட்டிங்கில் டிஎன்எஸ் (சைட்டின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்.

எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை, தொடரு' என்று மட்டும் அழுத்தாதீர்கள், அதுவும் பேங்க் சைட்டில் வேண்டவே வேண்டாம்.