கொடுமை என்ற காரணத்தில் வந்த விவாகரத்தை எதிர்த்து மேல்முறையீடு: முதன்முறை செய்பவர்களுக்கு

இங்கே இந்து திருமணச் சட்டம், 1955-இன்கீழ் வந்த தீர்ப்பைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் வழமைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரி ரெனோன்சான் குடும்பத்தினருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

தீர்ப்பு வந்த மறுநாளே, தீர்ப்புக்கும் தீர்ப்பாணைக்கும் (தீர்ப்பின் முடிவை முறைப்படி பதிவு செய்யும் ஆணை) சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்கள். திருமணச் சட்டத்தின் 23(4) பிரிவின்படி தீர்ப்பாணையின் நகல் ஒன்று இரு தரப்புக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றாலும், நகல் மனுவின் தேதி பதிவாகியிருப்பது முக்கியம். நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாட்களை மேல்முறையீட்டுக் கெடுவில் கணக்கிடுவதில்லை.

அடுத்தது கெடு. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984-இன் 19ஆம் பிரிவு 30 நாள் என்கிறது. திருமணச் சட்டத்தின் 28ஆம் பிரிவோ, 2003 திருத்தத்துக்குப் பிறகு, 90 நாள் தருகிறது. எந்தக் கெடு பொருந்தும் என்று வாதாடும் நிலைக்கே போகாமல், 30ஆம் நாளையே கடைசி நாளாகக் கொள்வது புத்திசாலித்தனம். தாமதமாகிவிட்டால், அதற்கான காரணத்தை விளக்கிப் பிரமாணப் பத்திரத்துடன் தாமத மன்னிப்பு மனுவும் போட வேண்டும்.

குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு என்றால் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வின் முன் போகும். கடலூர் மாவட்டத்தில் சார்பு நீதிமன்றம் தந்த தீர்ப்பானால் முதலில் மாவட்ட நீதிமன்றம்.

உண்மையான உழைப்பு தீர்ப்பைப் படிப்பதில்தான் இருக்கிறது. எந்தச் சம்பவத்தைக் கொடுமை என்று நீதிபதி ஏற்றார், அதற்கு எந்தச் சாட்சியை, எந்தச் சான்றாவணத்தை நம்பினார், உங்கள் தரப்புக் குறுக்கு விசாரணையில் வெளிவந்த எதைக் கவனிக்காமல் விட்டார் என்று பத்தி எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். நெல்லிக்குப்பத்தில் நடந்த ஒரு தகராறே காரணமாகக் காட்டப்பட்டு, அதன்பின் இருவரும் இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்ததைச் சாட்சியமே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திருமணச் சட்டத்தின் 23(1)(ஆ) பிரிவின்படி, விவாகரத்துக் கேட்ட மனுதாரர் அக்கொடுமையை மன்னித்துவிட்டாரா என்ற கேள்வி எழும். 1975-இல் தஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம், மனைவியின் நடத்தை கொடுமைதான் என்று கண்டும், அதன்பின் கணவர் அவரோடு இல்லறம் நடத்தியதை மன்னிப்பாகக் கொண்டு, கணவர் கேட்ட நீதிமுறைப் பிரிவினையை (திருமணம் முறியாமலே பிரிந்து வாழ நீதிமன்றம் தரும் ஆணை) மறுத்தது. “அவர் நல்லவர் இல்லை” என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இப்படிப்பட்ட ஒரு காரணம் கனமானது. கீழ் நீதிமன்றத்தில் காட்டாத ஆவணத்தை இப்போது சேர்ப்பது எளிதல்ல; அன்று ஏன் காட்ட இயலவில்லை என்று தனி மனுவில் விளக்க வேண்டியிருக்கும்.

மேல்முறையீட்டு மனுவோடு, விவாகரத்துத் தீர்ப்பாணையை நிறுத்திவைக்கக் கோரும் தடை மனுவையும் சேர்த்தே போடுங்கள். கெடு முடிந்து மேல்முறையீடும் இல்லையென்றால் மறுமணம் செய்ய திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எனவே மேல்முறையீடு செய்த செய்தி எதிர்த்தரப்புக்கு எழுத்தில் உடனே போய்ச் சேரட்டும்.

உங்களைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால், அதை ரத்து செய்யக் கோரும் மனுவை அதே நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் போடலாம். சம்மதத்தின் பேரில் வந்த விவாகரத்துக்கு, குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவில் மேல்முறையீடே கிடையாது.

பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். நகல் மனுப் போடும் அதே நாளில் அதற்கும் விண்ணப்பித்துவிடலாம்.