ரோமானிய லீஜியன்: எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

ரோமானியப் படையின் பெரும்பிரிவான லீஜியன் என்றதும் 6,000 பேர் என்று எழுதிவிடுகிறார்கள். அதன் உட்பிரிவான சென்சூரிக்கு 100 பேர் என்று வைத்து, லீஜியனில் உள்ள 60 சென்சூரிகளால் பெருக்கிய கணக்கு அது. பேரரசுக் காலத்தில் ஒரு சென்சூரியில் இருந்தது 80 பேர்தான். ஒரே கூடாரத்தில் தங்கிச் சேர்ந்து உண்ணும் 8 பேர் ஒரு குழு. பத்துக் குழு ஒரு சென்சூரி. ஆறு சென்சூரி சேர்ந்தால் 480 பேர் கொண்ட கோஹார்ட். பத்துக் கோஹார்ட் ஒரு லீஜியன்.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதல் கோஹார்ட் மட்டும் இரட்டை அளவிலான ஐந்து சென்சூரிகளாக, 800 பேரோடு இருந்தது. ஸ்காட்லாந்தின் இன்ச்டுதில் கோட்டையில் அகழ்ந்தெடுத்த பாசறை அமைப்பு இதற்கு நல்ல சான்று. இந்தக் கணக்கில் காலாட்கள் 5,120, சென்சூரித் தலைவர்களான சென்சூரியன்கள் 59. குதிரை வீரர் 120 பேர் தனி.

அதுவும் ஏட்டுக் கணக்கே. கி.மு. 48-இல் பாம்பேயை எதிர்த்த ஃபார்சலஸ் போர்க்களத்தில் தன் 80 கோஹார்ட்டுகளில் 22,000 பேர் நின்றதாக சீசரே எழுதுகிறார். கோஹார்ட்டுக்கு 275 பேர்! நோயும் பழைய போர்களும் தின்றது போக மிஞ்சியவர்கள். ஆகவே லீஜியன்களை எண்ணி 5,120-ஆல் பெருக்கிப் படைபலம் சொல்லாதீர்கள்.

அதிகாரிகள் விஷயத்தில் பெரும் பிழை, இன்றைய ராணுவப் பதவி ஏணியை அப்படியே பொருத்துவது. தலைமை லெகேட்டுக்கு, அவர் செனட்டர். அடுத்த இடம், இருபது வயதை ஒட்டிய செனட்டர் குடும்பத்து டிரிபியூனுக்கு. அனுபவத்துக்காக அல்ல, பிறப்புக்காக. மற்ற ஐந்து டிரிபியூன்கள், செனட்டர்களுக்கு அடுத்த சமூகப் படியான குதிரையாளர் வகுப்பினர். மூன்றாம் இடத்தில் முகாம் பிரிஃபெக்ட். முதல் சென்சூரியனாக இருந்து உயர்ந்த பழுத்த படைவீரர். தளவாடம், முகாம் எல்லாம் அவர் பொறுப்பு. மேலுள்ள இருவரும் இல்லாவிட்டால் லீஜியனே அவர் கையில். பிரிட்டனில் ரோமை எதிர்த்த அரசி பூடிக்காவின் கிளர்ச்சியின்போது இரண்டாம் அகஸ்டா லீஜியனை முகாம் பிரிஃபெக்டான பொயினியஸ் போஸ்துமஸ் நடத்தியது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆளுநர் அழைத்தும் அவர் படையோடு போகவில்லை. ஆளுநர் வென்ற செய்தி வந்ததும் தன் வாளாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். எகிப்து மட்டும் விதிவிலக்கு. செனட்டர்கள் அனுமதியின்றி அங்கே நுழையவே கூடாது என்பதால், அங்குள்ள லீஜியன்களைக் குதிரையாளர் வகுப்புப் பிரிஃபெக்டுகளே நடத்தினார்கள்.

படை அமைப்பு வரைபடங்களில் ஒவ்வொரு கோஹார்ட்டுக்கும் மேலே ஒரு டிரிபியூனைப் போடுவதும் தவறு. பத்துக் கோஹார்ட்டுக்கு ஆறு டிரிபியூன் எப்படிப் போதும்? லீஜியனின் கோஹார்ட்டுக்கென்று தனி அதிகாரிப் பதவி இருந்ததற்குச் சான்றில்லை; அதன் மூத்த சென்சூரியனே நடத்தியிருக்க வேண்டும். தனித் தளபதி இருந்தது குடியுரிமையற்றோரின் துணைப்படைக் கோஹார்ட்டுகளுக்கு.

ஹஸ்தாதி, பிரின்கிபெஸ், டிரியாரி என்ற மூன்று வரிசைப் போர்முறையை முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துக்குக் கொண்டுவராதீர்கள். அது குடியரசுக் கால 4,200 பேர் லீஜியனுடையது. அங்கே லெகேட் கிடையாது. ஆறு டிரிபியூன்கள் இருவர் இருவராக, இரண்டிரண்டு மாதம் முறைவைத்து நடத்தினார்கள்.

இன்னொன்று: ‘மூன்றாம் லீஜியன்’ என்று மொட்டையாக எழுத வேண்டாம். அகஸ்டா, கல்லிகா, கிரெனைக்கா என ஒரே காலத்தில் மூன்று மூன்றாம் லீஜியன்கள் இருந்தன.