குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? ஓ.ஆர்.எஸ். கலக்குவது இப்படித்தான்

ஓ.ஆர்.எஸ். (போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் பொடி) பாக்கெட்டைப் பிரித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கண்ணளவாகக் கொஞ்சம் கொட்டிக் கலக்குகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. பெரிய பாக்கெட் என்றால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் முழுவதையும் போட வேண்டும். சின்னதில் 200 மி.லி. என்று அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கலக்கி 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை போன பிறகும், 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மி.லி., ஸ்பூனால் மெதுவாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, வீட்டில் யார் சொன்னாலும் சரி. அப்புறம் டாக்டர் தரும் ஜிங்க் மாத்திரை, போக்கு நின்றாலும் 14 நாள்.

கண் குழிந்து, துவண்டு, சிறுநீரே போகாமல் கிடந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வழியிலும் ஊட்டிக்கொண்டே போங்கள்.