ஓ.ஆர்.எஸ். கரைசல்: அளவு பிசகாமல் கலக்குவது எப்படி?

வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் உடம்பை விட்டுப் போகும் நீராலும் உப்பாலும்தான். அந்த இழப்பை வாய்வழியே ஈடுகட்டும் உப்பு, குளுக்கோஸ் கரைசல்தான் ஓ.ஆர்.எஸ். பெரியவர்களின் குடலுக்குள் ஒரு நாளில் 8, 9 லிட்டர் நீர் வந்து சேர்கிறது. அதில் குடிப்பது 2 லிட்டர் அளவுதான். மீதி எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலே சுரக்கும் நீர். நலமாக இருக்கும் குடல் இதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிவிடும். மலத்தோடு போவது 100, 200 மி.லி. மட்டுமே. பேதியில் இந்த உறிஞ்சும் வேலைதான் கெடுகிறது.

ஆனால் முழுவதும் கெடுவதில்லை. சிறுகுடல் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் அயனிகளைச் சேர்த்து உள்ளே இழுப்பது அதன் வேலை. பின்னாலேயே தண்ணீரும் போகும். காலராவிலும்கூட இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துப் பலரைக் காப்பாற்றியது இதனால்தான்.

ஓ.ஆர்.எஸ். தூள் பாக்கெட் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, எவ்வளவு தண்ணீருக்கு என்பதை. 1 லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மி.லி. பாக்கெட்டும் உண்டு. பெரிய பாக்கெட்டில் பாதியைக் கொட்டி மீதியை மடித்து வைப்பது தவறு. தூளுக்குள் உப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. முழுவதையும் ஒரே தடவையில் கலக்குங்கள். வீட்டு டம்ளரை நம்ப வேண்டாம், ஒன்று 150 பிடிக்கும், ஒன்று 250 பிடிக்கும். அளவு அச்சிட்ட 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கலந்த பிறகு சூடாக்கக் கூடாது. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

பாக்கெட் கிடைக்காத ராத்திரியில்: 1 லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. டீஸ்பூன் என்றால் 5 மி.லி. பிடிப்பது. கல் உப்பு ஸ்பூனில் இடைவெளி விட்டு நிற்பதால் அளவு தவறும். கலந்ததும் ருசி பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். உப்பு கூடினால் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். சர்க்கரை கூடினால், அது உடம்பிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை இன்னும் அதிகமாக்கும். குளிர்பானமும் டப்பா ஜூஸும் ஆகாது என்பது இதனால்தான். வெறும் தண்ணீரை மட்டுமே கொடுத்தால் சோடியம் குறையும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடவே கொடுக்கலாம், இதற்கு மாற்றாக அல்ல. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்ல துணை, அதன் மாவுச்சத்து மெல்ல மெல்லக் குளுக்கோஸாகும்.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி. கொடுங்கள். பெரியவர்கள் தாகத்துக்குத் தகுந்தபடி குடிக்கலாம். வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாதீர்கள். 10 நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று தொடருங்கள். மடக்மடக்கென்று குடிக்கக் கொடுத்தால் மறுபடி வெளியே வந்துவிடும். தாய்ப்பால் நிற்கக் கூடாது.

ஓ.ஆர்.எஸ். பேதியை உடனே நிறுத்தாது, அது அதன் வேலையும் அல்ல. மலம் இளகித்தான் போகும், அதனால் மருந்து பலிக்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம். குழந்தைகளுக்கு டாக்டர் துத்தநாக மாத்திரை எழுதினால், 6 மாதத்துக்கு மேல் நாளொன்றுக்கு 20 மி.கி., அதற்குக் கீழ் 10 மி.கி.; பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள் வரை முடிக்க வேண்டும்.

குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, கண் குழிந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் 2 விநாடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விழுங்க முடிகிற குழந்தையென்றால் வழியெல்லாம் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.