வீட்டிலேயே மீன் அமிலமும் பயோ என்சைமும் போடுகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

கடலூரில் மாடித் தோட்டம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் மீன் அமிலம், அதாவது மீன் கழிவை வெல்லத்தோடு நொதிக்கவைத்து எடுக்கும் உரக் கரைசல், போட்டுப் பார்த்த கதை ஒன்று கட்டாயம் இருக்கும். முதுநகர் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கும்போது மீன் கழிவுக்கு என்ன பஞ்சம்? மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அக்காவிடம் கேட்டால் தலை, குடல், செதில் எல்லாவற்றையும் ஒரு கவரில் கட்டிச் சும்மாவே கொடுத்துவிடுவார். சும்மா கிடைத்ததற்கு எதற்கு இவ்வளவு காசு கொடுத்து வெல்லம் என்று அதில் கை வைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் முதல் தவறு.

மீன் கழிவு எத்தனை கிலோவோ அத்தனை கிலோ வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரை. பாதி போட்டால் போதும் என்று நினைத்தால் அது நொதிக்காது, அழுகும். தண்ணீரும் சேர்க்கக் கூடாது. கழுவிய மீனைச் சொட்டச் சொட்ட அப்படியே வாளியில் கொட்டுவதும் தண்ணீர் சேர்ப்பதுதான், நன்றாக வடிய விட்டுப் போடுங்கள். சரியாக வந்த மீன் அமிலம் தேன் பதத்தில் கரும்பழுப்பாக இருக்கும், மூடியைத் திறந்தால் கனிந்த பழ வாசனை வரும், மீன் வாடை அடியில் லேசாகத்தான் தெரியும். திறந்ததும் குடலைப் பிரட்டினால், மேலே வெள்ளைப் புழு நெளிந்தால், இன்னும் நாலு நாள் விட்டால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். மண்ணில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அடுத்த தடவை வெல்லத்தைக் கூட்டுங்கள். தெளிக்கும்போது லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். இயற்கைதானே, அம்பது மில்லி ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் மறுநாள் இலை நுனி கருகியதைப் பார்த்துவிட்டு மீனைத் திட்டுவார்கள். சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் போடும் பஞ்சகவ்யாவுக்கும் இதே கதைதான், அது 3 சதவீதம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி, அதற்கு மேல் வேண்டாம்.

பச்சை மீன் கிடைக்காத நாளில் கருவாட்டுத் தலையைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம், அதில் உப்பு மிக அதிகம். நம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பூச்சியை விடப் பெரிய எதிரி உப்புதான் என்பேன். தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலோரத் தெருக்களில் கோடையில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இந்த லட்சணத்தில் உப்புப் போட்ட கஞ்சி, மிஞ்சிய ரசம், ஊறுகாய் ஜாடி கழுவிய தண்ணீர் என்று தொட்டியில் கொட்டினால் செடி எப்படிப் பிழைக்கும்? அரிசி கழுவிய தண்ணீர் நல்லது, உப்புப் போட்டு வடித்த கஞ்சி கெட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். வினிகரில் உப்பைக் கலந்து அடித்தால் களை சாகும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது, சாகும்தான், ஆனால் அந்த உப்பு மண்ணிலேயே தங்கிவிடும், பிறகு அந்த இடத்தில் வெண்டை போட்டால் முளைத்து வர மூச்சுத் திணறும். சாம்பலும் அப்படித்தான், கைப்பிடி அளவு நல்லது, ஆனால் அது காரம், ஏற்கெனவே கடினத் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் வாராவாரம் கொட்டினால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் இலை மஞ்சளடிக்கும்.

அடுத்து வேப்பெண்ணெய். விளக்கேற்ற வைத்திருக்கும் எண்ணெயைச் செடிக்கு அடித்துவிட்டு மாவுப்பூச்சி போகவில்லை என்று புலம்புவது வழக்கமாகிவிட்டது. விளக்கு எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? செக்கில் ஆட்டிய, கசப்பும் நெடியும் மூக்கில் ஏறுகிற எண்ணெயாக வாங்குங்கள். லிட்டருக்கு 5 மில்லி, இளம் நாற்றுக்கு அதில் பாதி. எண்ணெயை நேரே தண்ணீரில் ஊற்றிக் குலுக்கினால் கலக்காது, முதலில் எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் சேர்த்து வெள்ளையாகப் பால் மாதிரி வரும்வரை அடித்துவிட்டு அப்புறம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேலே எண்ணெய் வட்டம் மிதந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம், அதை அடித்தால் ஒரு செடிக்குத் தண்ணீரும் இன்னொரு செடிக்கு எண்ணெயும்தான் போகும். சோப்பு என்றால் சாதாரணக் குளியல் சோப்பு சீவியது, துணி துவைக்கும் பவுடர் அல்ல. உச்சி வெயிலில் அடிக்காதீர்கள், இலை வெந்துவிடும், பூச்சியை விரட்டுகிற சத்தும் வெயிலில் சீக்கிரம் சிதையும். சாயங்காலம் அடியுங்கள், ஆனால் கடல்காற்றுக்கு முதுகு காட்டி நின்று. இஞ்சி பூண்டு பச்சை மிளகாய்க் கரைசல் அடிப்பவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

புகையிலைக் கரைசல் மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி. நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும், நன்மை செய்யும் பூச்சியையும் சேர்த்துக் கொல்லும், போதாததற்குப் புகையிலையில் இருக்கும் தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றக்கூடியது. எருக்க இலை இடிப்பவர்கள் பால் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வைக்கே ஆபத்து. பண்ருட்டிப் பக்கத்து உறவினர் மூட்டையாகக் கொடுத்தனுப்பினார் என்று முந்திரிக்கொட்டை ஓட்டை மூடாக்காக, அதாவது தொட்டி மண்ணை மூடும் போர்வையாகப் போடுவதும் வேண்டாம், அந்த ஓட்டெண்ணெய் பட்டால் கைத்தோல் வெந்து உரியும்.

சமையலறைக்கு வருவோம். பழத்தோலை வெல்லத்தோடு நொதிக்கவைத்து எடுக்கும் துப்புரவுத் திரவம்தான் பயோ என்சைம். அதன் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்து பங்கு, மூன்று மாதம். தவறு பாத்திரத்தில் நடக்கிறது. கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடினால் கேஸ் சேர்ந்து வெடிக்கும். பிளாஸ்டிக் டப்பா எடுங்கள், ஐந்தில் ஒரு பங்கு காலி இடம் விடுங்கள், முதல் மாதம் தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்துங்கள். பலா சீசனில் சக்கையைப் போடுபவர்கள் இன்னும் உஷார், அந்த இனிப்புக்குக் கேஸ் சீக்கிரமே கிளம்பும். தயாரானதும் அது தரை துடைக்க நல்ல லேசான அமிலம், கிருமிநாசினி அல்ல. மீன் நறுக்கிய பலகையை அதை மட்டும் நம்பிக் கழுவாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவி வெந்நீர் ஊற்றுங்கள்.

அமிலம் என்றதும் இன்னொன்று. புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு தரை இருக்கும், வருஷக்கணக்காகக் கால்பட்டுப் பளபளப்பேறியது. அது சிமென்ட். எலுமிச்சை, வினிகர், என்சைம் எதுவும் சிமென்டையும் மார்பிளையும் அரிக்கும், மங்கிய தரையைத் திரும்பப் பளபளப்பாக்குவது பெரும்பாடு. அங்கே வெறும் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, அது போதும்.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து பாட்டிலில் ஊற்றி வைக்கும் ஐடியாவுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று புரியவில்லை. ஒன்று அமிலம், ஒன்று காரம், நுரைத்து முடிந்ததும் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர்தான். சோடாவைத் தனியாகத் தேய்க்கப் பயன்படுத்துங்கள், வினிகரைத் தனியாகக் கறை எடுக்க. இது காசுக்கு நஷ்டம், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்தான கலவை வேறு: வெள்ளம் வடிந்ததும் பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் தூவுகிறோமே, அதன்மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ டாய்லெட் ஆசிட்டோ பட்டால் குளோரின் வாயு கிளம்பும். காற்றை விடக் கனமானது, சின்ன பாத்ரூமில் தரையோடு தங்கும். கண் எரிந்து இருமல் வந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே வெளியே வாருங்கள்.

பூந்திக்கொட்டை வேகவைத்த தண்ணீரைப் பாத்திரம் கழுவ வைத்திருப்பவர்கள் ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். கழுவிய தண்ணீரை அல்லித் தொட்டியில் ஊற்றினால் அதில் விட்டிருக்கும் கப்பி மீன் செத்து மிதக்கும். அதேபோல் பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வாரக்கணக்கில் வைப்பது ஊறுகாய் அல்ல. ஊறுகாயில் புளிப்பும் உப்பும் காவல் இருக்கின்றன, இதில் எதுவும் இல்லை, காற்றுப் புகாத எண்ணெய்க்குள் போட்யுலிசம் என்னும் கொடிய உணவு நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரும், வாடையில் கண்டுபிடிக்கவும் முடியாது. தேவைக்குக் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள்.

கடைசியாகப் பாட்டில். கூல் டிரிங்ஸ் பாட்டிலில் மீன் அமிலத்தையோ வேப்பெண்ணெயையோ ஊற்றி அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள். பார்க்கக் கோலா மாதிரியே இருக்கும், விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை எடுத்து வாய் வைத்துவிடும். வேப்பெண்ணெய் குடித்த சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரை போகும். ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர், போட்ட தேதி, லிட்டருக்கு எத்தனை மில்லி என்று மார்க்கரில் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். தோட்டத்துக்கு அளக்கும் கரண்டியும் தனியாகவே இருக்கட்டும்.