ஒரு மரபணுவைத் தாளில் எழுதிப் படிப்பது எப்படி?

டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ, ஆர்என்ஏவிலிருந்து புரதம் என்று பாடநூல்களில் காணப்படும் அம்புக்குறிப் படத்தை மனப்பாடம் செய்வதைவிட, உண்மையான ஒரு மரபணுவின் தொடக்க எழுத்துகளைத் தாளில் எழுதிப் படித்துப் பார்ப்பதே இவை சேர்ந்து இயங்கும் விதத்தை விளங்கிக்கொள்ள நல்ல வழி. பென்சிலோடு, மேல்நிலை வகுப்பு உயிரியல் நூல்களில் உள்ள மரபுக்குறியீட்டு அட்டவணையும் இருந்தால் போதும். படிக்கப்போவது மனிதரின் 11-ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணு. இரத்தத்திற்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினின் ஒரு பகுதி இதன்படியே உருவாகிறது.

முதலில் வார்ப்புரு இழையை, அதாவது செல் படியெடுக்கப் பயன்படுத்தும் டிஎன்ஏ இழையை, மும்மூன்று எழுத்துகளாக எழுதிக்கொள்ளுங்கள் (ஏ, டி, ஜி, சி என்பவை அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதி அலகுகளின் சுருக்கம்): டிஏசி – சிஏசி – ஜிடிஏ – ஜிஏசி – டிஜிஏ – ஜிஜிஏ – சிடிசி – சிடிசி. இனி ஒவ்வோர் எழுத்துக்கும் நேர் கீழே அதன் இணையை எழுத வேண்டும். ஜி-க்குச் சி, சி-க்கு ஜி, டி-க்கு ஏ. ஏ-க்கு மட்டும் தைமினுக்குப் பதிலாக யுராசில், அதாவது யு, வரும். கிடைப்பது: ஏயுஜி – ஜியுஜி – சிஏயு – சியுஜி – ஏசியு – சிசியு – ஜிஏஜி – ஜிஏஜி. உட்கருவுக்குள் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்னும் நொதி செய்வதும் இதுவே.

ஆனால் செல்லில் அந்தப் படி அப்படியே வெளியே செல்வதில்லை. இம்மரபணுவின் இடையே புரதத்திற்கான குறிப்பு இல்லாத இரண்டு பகுதிகள், அதாவது இன்ட்ரான்கள், உள்ளன; ஒன்று ஏறத்தாழ 130 எழுத்துகளும் மற்றொன்று ஏறத்தாழ 850 எழுத்துகளும் நீளமுள்ளது. அவை வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சிய துண்டுகள் ஒட்டப்பட்ட பிறகே அந்தப் படி, தூது ஆர்என்ஏ என்ற பெயரில், உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தை அடைகிறது. இந்த வெட்டும் பணியிலும் சிறிய ஆர்என்ஏக்கள் பங்கேற்கின்றன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

வெளியேறிய படி தனித்தே வேலை செய்யும் என்பதற்கு இரத்தமே சான்று. முதிரும் சிவப்பணு தன் உட்கருவை, அதனுடன் டிஎன்ஏவையும், வெளியேற்றிவிடுகிறது. ஆயினும் ரெட்டிகுலோசைட் எனப்படும் அந்த இளம் அணு, மிச்சமுள்ள தூது ஆர்என்ஏவைக் கொண்டு சிறிது காலம் ஹீமோகுளோபினைத் தொடர்ந்து உருவாக்குகிறது. ஆய்வகங்களில் நீலச் சாயமிட்டு ரெட்டிகுலோசைட்டுகளை எண்ணும்போது வலைபோலத் தெரிவது இந்த மிச்ச ஆர்என்ஏதான்.

அடுத்து, அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தை, அதாவது புரதச் சங்கிலியின் கண்ணியை, எழுதுங்கள்: மெத்தியோனின், வேலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளூட்டமிக் அமிலம், மீண்டும் குளூட்டமிக் அமிலம். நிரென்பர்க், ஹர் கோவிந்த் கொரானா, ஹோலி ஆகியோருக்கு 1968-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்தக் குறியீட்டை விளக்கியதற்காகவே. செல்லுக்குள் அட்டவணையின் இடத்தில் இருப்பவை கடத்து ஆர்என்ஏக்கள். ஜிஏஜி வந்தால், சியுசி என்ற எதிர்க்குறியனை (இணையான மூன்றெழுத்தை) உடைய கடத்து ஆர்என்ஏ குளூட்டமிக் அமிலத்தைச் சுமந்துகொண்டு வந்து பொருந்துகிறது. அமினோ அமிலங்களைப் பிணைக்கும் வினையை, செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் நிகழ்த்துவதும் புரதமன்று, ஆர்என்ஏதான். ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

இனி எழுத்துகளை மாற்றிப் பார்க்கலாம். இப்பயிற்சியின் பயன் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஏழாவது மூன்றெழுத்தான ஜிஏஜி, ஜிஏஏ என்று மாறினாலும் குளூட்டமிக் அமிலமே வரும், தீங்கில்லை. அதன் நடு எழுத்து யு ஆனால், ஜியுஜி, அதாவது வேலின் வந்துவிடுகிறது. சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துபோகும் அரிவாள் அணுச் சோகைக்குக் காரணம் இந்த ஒரே மாற்றம்தான். தொடக்க மெத்தியோனின் பின்னர் நீக்கப்படுவதால் நூல்கள் இதை ஆறாவது இடம் என்று குறிப்பிடும். தாளில் ஏழாவதாகத் தெரிவது பிழையன்று. நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணுப் பண்பு (இம்மாற்றமுள்ள மரபணுவின் ஒரு படியை மட்டும் பெற்றிருக்கும் நிலை) இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-இல் வெளியிட்டனர்.

அதே நடு எழுத்தை மாற்றாமல் அடியோடு நீக்கினால் என்ன ஆகும் என்பதையும் எழுதிப் பாருங்கள். அதற்கு எட்டாவது ஜிஏஜியை அடுத்துவரும் தூது ஆர்என்ஏ எழுத்துகள் தேவை: ஏஏஜி – யுசியு – ஜிசிசி – ஜியுயு – ஏசியு – ஜிசிசி – சியுஜி – யுஜிஜி – ஜிஜிசி – ஏஏஜி – ஜியுஜி – ஏஏசி. நீக்கிய இடத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்துவந்தால் எல்லாம் ஓரெழுத்து நகர்ந்து, ஜிஜிஜி, ஏஜிஏ, ஏஜியு எனப் போய், பத்தொன்பதாவது இடத்தில் யுஜிஏ என்ற நிறுத்தக் குறி வந்து நிற்கும். 147 அமினோ அமிலங்கள் கோக்கப்பட வேண்டிய சங்கிலி 18-உடன் முடிந்துவிடுகிறது. இது பீட்டா குளோபின் போதாமல் சோகை வரும் பீட்டா தலசீமியா நோயை உண்டாக்கும் மாற்றங்களுள் ஒன்று. இத்தகைய குறையுள்ள தூது ஆர்என்ஏ படிகளில் பெரும்பாலானவற்றைச் செல்லே இனங்கண்டு சிதைத்துவிடுகிறது.