சைக்கிள் ஓட்டினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறதா?

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு முட்டிச் சில்லைச் சுற்றி வரும் வலி பெரும்பாலும் அடிபட்டு வருவதில்லை. ஒரே அசைவு ஆயிரக்கணக்கான முறை நடப்பதால் வருவது. வீக்கம் இருந்தாலோ, முட்டி பூட்டிக்கொண்டாலோ, ஊன்றி நிற்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி முதலில் கவனிக்க வேண்டியது சீட். அது தாழ்வாக இருந்தால் முட்டி அதிகம் மடங்கி, சில்லுக்கு அடியில் அழுத்தம் கூடும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் ஏறக்குறைய சரி. சில மில்லிமீட்டர்களாகவே மாற்றுங்கள். ரொம்ப உயர்த்தினால் வலி முட்டியின் பின்பக்கத்துக்கோ வெளிப்பக்கத்துக்கோ போய்விடும்.

அப்புறம் கியர். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதுதான் முட்டிக்குப் பெரிய எதிரி என்பேன். லேசான கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று மிதியுங்கள், மேடுகளைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். பலருக்கு முழு ஓய்வு தேவைப்படாது; வலி கூடாத அளவுக்கு ஓட்டலாம். வலித்தால் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம்.

ஐஸ் வலியைத்தான் தணிக்கும். முன்தொடை, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியைச் சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் வலி திரும்பும் வாய்ப்பு குறையும்.